தம்பி வீட்டில் தங்கினால் ஜப்பான் பயணத்துக்கு டிக்கெட் செலவு மட்டும்தானா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 95,000 ரூபாய். வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் 55,000. எஸ்.ஐ.பி. (மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடுவது) 12,000. வங்கி டெபாசிட் 6 லட்சம் இருக்கிறது, கடன் இல்லை. மகனுக்கு 13 வயது, மகளுக்கு 9. என் தம்பி டோக்கியோவில் நிஷி-கசாய் பகுதியில் ஆறு வருடமாக ஐ.டி. வேலையில் இருக்கிறான். அவன் குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை நோய் உண்டு. பேரனை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். அடுத்த மே மாதம் ஐந்து பேரும் போக ஆசை. “என் வீட்டில் தங்கிக்கலாம், டிக்கெட் செலவு மட்டும்தான்” என்கிறான் தம்பி. கணவர் 5 லட்சம் பர்சனல் லோன் எடுத்து டூர் பேக்கேஜில் போகலாம் என்கிறார். நகையை அடகு வைக்கலாமா, எஸ்.ஐ.பி.யை ஒரு வருடம் நிறுத்தலாமா என்று நான் யோசிக்கிறேன். என்ன செய்வது? - வாசகி, திருச்சி

பதில்: போய்வாருங்கள். லோன் வேண்டாம், நகை பெட்டியிலேயே இருக்கட்டும், எஸ்.ஐ.பி.யும் ஓடட்டும். இப்போது ஜூன். மே மாதத்துக்குள் 11 மாதச் சம்பளம் வரும். உங்கள் கணக்கில் மாதம் 28,000 ரூபாய் மிஞ்சுகிறது. இந்தப் பயணத்துக்கு அது போதும். எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதற்கு முன் தம்பி சொன்ன “டிக்கெட் செலவு மட்டும்தான்” என்பதைப் பார்த்துவிடுவோம். அவர் பாசத்தில் சொல்கிறார். ஆனால் நீங்கள் செலவழிக்காத பணத்தை அங்கே அவர் செலவழிப்பார். என் பெரியப்பா மகன் வீடும் நிஷி-கசாயில்தான். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் நான்கு பேர் போய் பன்னிரண்டு நாள் தங்கினோம். இரண்டு சின்ன அறை, ஒரு சமையலறை. எங்களுக்கு அறைகளைக் கொடுத்துவிட்டு அண்ணனும் அண்ணியும் சமையலறைத் தரையில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். காலையில் எழுந்தால் அண்ணி பால்கனிக் கம்பியில் ஐந்தாறு மெத்தைகளைப் போட்டுப் பெரிய கிளிப் மாட்டிக்கொண்டிருப்பார். துவரம்பருப்பும் கொத்தமல்லியும் தீரத் தீர ஸ்டேஷன் பக்கம் இந்தியக் கடைக்கு நடப்பார். திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, பேச்சுவாக்கில், அந்த மாதம் அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தை அனுப்பவில்லை என்று தெரிந்தது. அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து, வெளிநாட்டில் உறவினர் வீட்டுக்குப் போகிறேன் என்று யார் வந்தாலும் பட்ஜெட்டில் ‘அவர்கள் வீட்டுச் செலவு’ என்று ஒரு வரி எழுதச் சொல்கிறேன். உங்களுக்கு அந்த வரி 60,000 யென். பணமாக நீட்டினால் தம்பி வாங்க மாட்டார். போன முதல் நாளே நீங்களும் தம்பி மனைவியும் சேர்ந்து மளிகைக்குப் போய் நீங்கள் பணம் கட்டுங்கள். பிறகு வாரம் ஒருமுறை அதையே செய்யுங்கள். மிச்சத்தைக் கிளம்பும் நாளில் குழந்தை கையில் கவரில் வையுங்கள்.

இப்போது தேதி. பள்ளி விடுமுறை ஆரம்பித்தவுடன் கிளம்பிவிடத் தோன்றும். தம்பியும் ஏப்ரல் கடைசியில் வரச் சொல்லலாம், அவருக்கு அப்போதுதான் தொடர் லீவு. அதுதான் ஜப்பானின் ‘கோல்டன் வீக்’. ஏப்ரல் 29, மே 3, 4, 5 எல்லாம் அரசு விடுமுறை. நாடே ஊர் சுற்றக் கிளம்பும். ஹோட்டல் வாடகை எகிறும், ரயிலில் இடம் கிடைக்காது. மே 9, 10 வாக்கில் போய் 16 நாள் இருந்துவிட்டு 25-க்குள் திரும்புங்கள். கூட்டம் கலைந்திருக்கும், ஜூனில் தொடங்கும் மழைக்காலமும் வந்திருக்காது. வெயிலும் குளிரும் இல்லாத அந்த நாட்கள் அம்மாவுக்கு நல்லது. தம்பி இரண்டு மூன்று நாள் லீவு போட்டால் போதும். டோக்கியோ மெட்ரோவில் நீங்களே தனியாகச் சுற்றலாம், குறைந்தபட்சக் கட்டணம் 180 யென்.

செலவுக்கு வருவோம். 100 யென்னுக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் யென் டாலருக்கு 161 வரை சரிந்தது, ஏறக்குறைய 38 ஆண்டுகளில் இல்லாத சரிவு. அதனால்தான் ‘ஜப்பான் இப்போ சீப்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். சாப்பாட்டுக்கும் மெட்ரோவுக்கும் அது உண்மை, விமான டிக்கெட்டுக்கு இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகப் போய்வர ஒருவருக்கு 55,000 ரூபாய் என்று வையுங்கள். 13 வயது மகனுக்குப் பெரியவர்கள் கட்டணம்தான். மகளுக்கு மட்டும் கொஞ்சம் குறையலாம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஐந்து பேருக்கு 2,75,000.

அதிகம் பேர் பணத்தை விடும் இடம் ரயில். ஒருமுறை பணம் கட்டிவிட்டு குறிப்பிட்ட நாட்களுக்கு ரயிலில் சுற்றும் ‘ஜப்பான் ரயில் பாஸ்’ எடுத்துவிடுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஏழு நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தபோது அது நல்ல யோசனை. 2023 அக்டோபரில் அதை 50,000 யென்னாக உயர்த்தினார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு நோசோமி என்ற ஷின்கான்சென் (புல்லட் ரயில்) வண்டியில் ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென், போய்வர 28,000. 6 முதல் 11 வயது வரை பாதிக் கட்டணம். நீங்கள், கணவர், மகன் மூவருக்கு 84,000, மகளுக்கு 14,000, ஆக 98,000 யென், அதாவது 58,800 ரூபாய். இதே நான்கு பேர் பாஸ் வாங்கினால் 1,75,000 யென், 1,05,000 ரூபாய். அந்தப் பாஸில் நோசோமி ஏறக் கூடுதல் பணமும் கட்ட வேண்டும். கியோட்டோவோடு திரும்புகிற உங்களுக்குப் பாஸ் வேண்டாம்.

நான்கு பேருக்குத்தானே கணக்குப் போட்டிருக்கிறேன் என்று கேட்பீர்கள். அம்மாவைக் கியோட்டோவுக்கு அழைத்துப் போக வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். கோயில் கோயிலாகப் படி ஏறுவதைவிட, அந்த மூன்று நாளும் பேரனோடு வீட்டில் இருப்பதையே அவர் விரும்பக்கூடும். அடுத்த மே மாதம் அந்தக் குழந்தை நடந்து ஓடிக்கொண்டிருப்பான். வருகிறேன் என்று அம்மா சொன்னால், யோசிக்காமல் ரயிலுக்கு இன்னொரு 17,000 ரூபாய் சேருங்கள்.

மற்றதை வேகமாகச் சொல்கிறேன். கியோட்டோவில் இரண்டு இரவுக்கு 30,000 ரூபாய், அங்கே சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் 15,000. டோக்கியோவில் ஒரு நாளைக்கு 6,000 யென் வீதம் வெளியே சுற்றப் பன்னிரண்டு நாளுக்கு 43,200. தம்பி வீட்டுக்கு 36,000. விசா, பாஸ்போர்ட், கூரியர் எல்லாம் 10,000. பயணக் காப்பீடு 12,000. பெட்டி, ஷூ, ஸ்வெட்டர் 15,000. பரிசும் ஷாப்பிங்கும் 40,000. பிள்ளைகள் டிஸ்னிலேண்ட் கேட்பார்கள். அது உராயசுவில், தம்பி வீட்டுக்குப் பக்கம்தான். பெரியவர்களுக்கு நாளைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென் வரை. நான்கு பேர் ஒரு நாள் போய்வர, சாப்பாட்டோடு 25,000 ரூபாய். ஞாயிறு வேண்டாம், வார நாளில் போங்கள். இதற்கெல்லாம் மேல், கை வைக்கக் கூடாத 50,000. மொத்தம் 6,10,000 ரூபாய்.

காசு கொடுக்காமல் பார்ப்பதற்கும் நிறைய உண்டு. ஷின்ஜுகுவில் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து நகரம் முழுவதையும் இலவசமாகப் பார்க்கலாம். அசாகுசா கோயிலுக்கும் மெய்ஜி கோயிலுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. தம்பி வீட்டுக்கு அருகிலேயே கசாய் ரின்காய் பூங்கா கடலை ஒட்டி இருக்கிறது. அங்குள்ள மீன் காட்சியகத்தில் பெரியவர்களுக்கு 700 யென், உங்கள் மகளுக்கு இலவசம். அம்மாவும் பேரனும் ஒன்றாகப் போக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பணம் எங்கிருந்து வரும்? உங்கள் ஆறு மாதக் குடும்பச் செலவு 3,30,000. டெபாசிட்டில் 3,50,000-ஐத் தொடவே கூடாது. வேலை போனாலும் ஆஸ்பத்திரி என்றாலும் உங்களுக்கு இருப்பது அது மட்டும்தான். மீதி 2,50,000-ஐ எடுக்கலாம். பாதியில் உடைத்தால் வட்டி இழப்பு உண்டா என்று வங்கியில் கேட்டுவிட்டு, டெபாசிட்டை இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். மாதம் 28,000 வீதம் 11 மாதத்துக்கு 3,08,000 சேரும். இரண்டும் சேர்ந்து 5,58,000. இன்னும் 52,000 குறைகிறது. அம்மாவின் டிக்கெட்டைத் தம்பி எடுக்கட்டும். கேட்கக் கூச்சப்படாதீர்கள். அம்மாவைக் கூட்டிக்கொள்வது ஒரு மகனுக்குப் பெருமை, அதை அவரிடமிருந்து பறிக்கக் கூடாது. 55,000 குறைந்துவிடும், கணக்கு நேராகிவிடும்.

அந்த 28,000 சம்பளம் வந்த மறுநாளே தனிச் சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும். அஞ்சலக ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) ஐந்து வருடத் திட்டம், இதற்குப் பொருந்தாது. 11 மாதத்தில் வேண்டிய பணத்தை ஷேர் மார்க்கெட் பக்கமும் கொண்டு போகாதீர்கள்.

உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 5 லட்சம் பர்சனல் லோன், 13 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் இ.எம்.ஐ. 16,847. வட்டி மட்டும் ஏறக்குறைய 1,06,500, அதாவது கிட்டத்தட்ட இரண்டு விமான டிக்கெட். மகன் பத்தாம் வகுப்பைத் தாண்டும்வரை இந்த இ.எம்.ஐ. ஓடும். நகைக்கடனில் வட்டி குறைவுதான். ஆனால் வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்து, அடுத்த வருடமும் அதையே செய்து, கடைசியில் ஏலத்துக்குப் போன குடும்பங்களை என் மேஜைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். வீட்டில் அவசரம் என்றால் நகைக்கடன் வாங்கலாம். ஊர் சுற்ற வேண்டாம்.

டூர் பேக்கேஜும் உங்களுக்குப் பொருந்தாது. அதில் போனால் தம்பி வீட்டுக்கு ஒரு மாலை நேரம் மட்டும் கிடைக்கும். மேலும் வெளிநாட்டுப் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 என்று இருந்தது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிற விஷயம் இது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது திரும்ப வாங்கலாம், ஆனால் அதுவரை உங்கள் பணம் முடங்கும். டிக்கெட்டையும் ஹோட்டலையும் நீங்களே தனித்தனியாக எடுத்தால் இந்தப் பிடித்தம் வராது.

விசாவை உறவினரைப் பார்க்கப் போவதாகவே விண்ணப்பியுங்கள். அழைப்புக் கடிதம், உத்தரவாதக் கடிதம், குடியிருப்புச் சான்று, வருமானச் சான்று எல்லாம் தம்பி அங்கே தயார் செய்து அனுப்ப வேண்டும். உங்கள் பக்கம் வங்கிக் கணக்கும் வருமான வரித் தாக்கலும் பார்க்கப்படும். மாதாமாதம் 28,000 ஏறிய கணக்கு பார்க்க நன்றாக இருக்கும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று 5 லட்சம் விழுந்த கணக்கு சந்தேகத்தைக் கிளப்பும். கிடைத்த விசா மூன்று மாதம்தான் செல்லும், அதனால் மார்ச்சில் விண்ணப்பித்தால் சரியாக இருக்கும். ஜனவரியில் டிக்கெட் எடுக்கும்போது ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்து எடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

கார்டு விஷயத்தில் ஒன்று. கடையில் கார்டைத் தேய்க்கும்போது இயந்திரம் “ரூபாயா, யென்னா?” என்று கேட்கும். ரூபாய் நமக்குப் புரிகிறதே என்று அதைத் தொட்டுவிடாதீர்கள், மாற்று விகிதத்தில் அவர்கள் லாபம் வைத்திருப்பார்கள். எப்போதும் யென். உங்கள் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுக் கட்டணம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டில் ஜனவரி, மார்ச், மே என்று மூன்று தவணையாக யென் ஏற்றினால் ஒரே நாள் விலையில் மாட்ட மாட்டீர்கள்.

அம்மாவின் காப்பீட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சர்க்கரை இருப்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அவசர சிகிச்சை தரும் பாலிசியா என்று பாருங்கள். காப்பீடு இல்லாமல் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டவருக்கு அங்கே ஆஸ்பத்திரி பில் முழுக்கக் கைக்காசுதான். மருந்தை டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். ஒரு மாத அளவுக்குள் இருந்தால் முன் அனுமதி தேவையில்லை. தம்பிக்காக ஆசையாகக் கருவேப்பிலைக் கொத்தும் மாம்பழமும் கட்டாதீர்கள், விமான நிலையத்திலேயே வாங்கிவைத்துவிடுவார்கள். பொடியும் ஊறுகாயும் போதும்.

முதல் வேலையாக, அம்மாவுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். ஆதாரில் இனிஷியல் ஒரு விதம், பென்ஷன் புத்தகத்தில் வேறு விதம் என்று இருந்தால் அதைச் சரிசெய்யவே இரண்டு மாதம் ஆகும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் எப்படி விரிந்திருக்கிறதோ அதே பெயரைத் தம்பிக்கு எழுதி அனுப்புங்கள். டிக்கெட்டிலும் அழைப்புக் கடிதத்திலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.