பில் போட்டாச்சு, காசு வரவில்லை: கணக்குக்கார அக்காவிடம் கேளுங்கள்

கொழும்பில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்குப் பார்க்கிறவள் நான். காசு இழுத்தடிக்கும் வாடிக்கையாளர்கள் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. வழக்கு என்று வந்தால் சட்டத்தரணியிடம் போய்விடுங்கள், அது என் வேலை இல்லை.

அக்கா, ஒரு சாப்பாட்டுக் கடைக்கு லோகோவும் மெனு கார்டும் செய்து கொடுத்தேன். நாலு மாதமாக "அடுத்த கிழமை" என்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. (டிசைனர், வெள்ளவத்தை)

தம்பி, "அடுத்த கிழமை" என்பதைப் போனில்தானே சொல்கிறார்கள்? அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. வழக்குப் போடக் காலவரையறை வைத்திருக்கும் 1871ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. விற்ற சாமான், கடைப் பில், செய்து கொடுத்த வேலை, இவற்றுக்கு 1 வருடம்தான். எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3, எழுத்தில் இருந்தால் 6. உங்களுடையது எதில் சேரும் என்று சட்டத்தரணிகள் வாதாடட்டும். நீங்கள் 1 வருடம் என்றே நினைத்து நடவுங்கள்.

ஆனால் கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். அதனால் இப்போது சண்டை பிடிக்க வேண்டாம். "மிகுதி இவ்வளவு, சரிதானே? இந்தக் கிழமை 5,000 ரூபாவாவது வங்கியில் போட்டுவிடுங்கள்" என்று எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் "ஓம், தாறன்" என்று பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள். கையெழுத்துப் போட்ட ஒரு துண்டு கிடைத்தால் அது இன்னும் பலம். கையில் காசு தந்தால் திகதி போட்ட ரசீது கொடுத்து, பிரதியில் அவர் கையெழுத்தையும் வாங்குங்கள்.

பிள்ளை, ஒரு கடைக்காரர் தந்த செக் ரிட்டன் ஆகிவிட்டது. பழையதைத் தந்தால் புதுச் செக் தருவாராம். கொடுக்கலாமா? (துணி மொத்த வியாபாரி, புறக்கோட்டை)

கொடுக்காதீர்கள் ஐயா! புதுச் செக் காசானபிறகு பழையதைக் கொடுக்கலாம். அதுவரை பழைய செக்கும், வங்கி தந்த ரிட்டன் துண்டும் உங்கள் கையில் இருக்கட்டும். கணக்கில் காசு இல்லை என்று தெரிந்தே செக் எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். பொலிசில் முறைப்பாடு செய்யலாம், பலர் அந்தப் பயத்திலேயே கட்டுவார்கள். என்றாலும் பொலிஸ் உங்களுக்காகக் கடன் வசூலிக்காது. செக்கை வைத்துச் சிவில் வழக்கும் போடலாம். அதற்குச் சுருக்க நடைமுறை உண்டு, அதில் எதிர்வாதம் செய்வதற்கே அவர் நீதிமன்ற அனுமதி கேட்க வேண்டும்.

காசு வராத பில்லுக்கும் வற் (பெறுமதி சேர் வரி) கட்ட வேண்டுமா?

பதிவு செய்திருந்தால் கட்டத்தான் வேண்டும். பில் போட்டால் 18 வீதம், அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள். அவர் தந்தாரா இல்லையா என்று இறைவரித் திணைக்களம் கேட்காது. சந்தேகமான ஆள் என்றால் வரித்தொகையையாவது முற்பணமாக வாங்கிவிடுங்கள்.

மாமா முறையானவர். மகளின் கலியாணச் சாப்பாட்டுக்கு மிகுதி தரவில்லை. கேட்டால் முகத்தைத் திருப்புகிறார், அக்கா. (கேட்டரிங், தெஹிவளை)

உறவுக்காரருக்கு விலை குறைத்துக் கொடுங்கள், கடன் கொடுக்காதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். இனிச் சொல்லி என்ன! முதலில் இருவரும் மதிக்கும் ஒரு பெரியவரை அனுப்புங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. அங்கே சட்டத்தரணி வந்து வாதாட முடியாது, நீங்களும் மாமாவும்தான் பேச வேண்டும். சிறு தொகைப் பிணக்குகளுக்கு நீதிமன்றம் போகுமுன் எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும். இணங்கவில்லை என்றால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள். உறவும் புதுக்கடை நீதிமன்றப் படியேறாமல் தப்பலாம்.

"ஏமாற்றுக்காரர்" என்று படத்தோடு பேஸ்புக்கில் போடட்டுமா? (கலியாணப் படப்பிடிப்பாளர்)

வேண்டாம். கேட்க வேண்டிய காசு உங்களுடையது, அவரோ மானநஷ்ட வழக்குப் போட்டுவிடுவார். முழுத்தொகை வந்த பிறகுதான் ஆல்பம் என்று விலைமனுவிலேயே எழுதுங்கள்.

லோயர் கடிதம் அனுப்பினால் பயன் இருக்குமா?

கடன் இல்லை என்று மறுக்காமல் சும்மா இழுக்கிறவருக்குப் பெரும்பாலும் வேலை செய்யும். 14 நாள் தவணை கொடுப்பது வழக்கம். பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைக் கடிதப் பிரதியோடு பின் அடித்து வையுங்கள். கடிதக் கட்டணத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 8,000 ரூபாய்க் கடனுக்கு அது கட்டுப்படியாகாமல் போகலாம்.