ரீச்சரைக் கேளுங்கள்: கீரைச்சட்டியும் சூரிய ஒளியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒளியைப் பற்றியும் சக்தியைப் பற்றியும் கேட்டவை. 2025ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவற்றையே சேர்த்து எடுத்திருக்கிறேன். சமையலறைக் கேள்வி ஒன்றும் வந்திருக்கிறது. அதை முதலில் வைக்கிறேன், ஏனென்றால் மற்றவற்றை விளக்க எனக்குப் பிடி கிடைப்பது அதில்தான்.

கேள்வி: ரீச்சர், நான் கீரைக்குப் பழப்புளி விட்டுக் கொதிக்க வைத்தால் பச்சை போய்ப் பழுப்பாகிவிடுகிறது. மாமி அடுப்பால் இறக்கி ஆறவிட்டுத்தான் தேசிக்காய் பிழிவா. அவவின் கறி மட்டும் பச்சையாகவே இருக்கும். ஏன் இப்படி?
— குடும்பத் தலைவி, இணுவில்

மாமி செய்வதுதான் சரி. கீரையின் பச்சை நிறம் குளோரபில் என்ற மூலக்கூறிலிருந்து வருகிறது. காபன், நைதரசன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்க, அதன் நடுவில் ஒரேயொரு மகனீசியம் உட்கார்ந்திருக்கிறது. அமிலமும் சூடும் சேர்ந்தால் அந்த மகனீசியம் கழன்றுவிடும். அது இருந்த இடத்துக்கு இரண்டு ஐதரசன் வந்துவிடும். உடனே பச்சை மங்கிப் பழுப்பாகும். ஆறின பிறகு புளி விட்டால் இந்த மாற்றம் மிக மெதுவாகவே நடக்கும். மூடிபோட்டு அவித்தாலும் கீரையிலிருந்து வரும் அமிலம் சட்டிக்குள்ளேயே நின்று நிறத்தைக் கெடுக்கும். முதல் சில நிமிடங்கள் திறந்து வைத்து அவித்துப் பாருங்கள்.

ஒரு உலோக அணுவும் அதைச் சுற்றி ஒரு சேதன வளையமும், அதாவது காபனை அடிப்படையாகக் கொண்ட வளையமும். இது இரண்டும் சேர்ந்துதான் உலகத்துக்கே சோறு போடும் ஒளித்தொகுப்பைத் தொடக்கி வைக்கின்றன. இதே போன்ற ஒரு வளையத்தின் நடுவில் இரும்பை வைத்தால் நம் இரத்தத்தின் சிவப்பு. நாற்பது வருடம் படிப்பித்தும் எனக்கு இதில் வியப்புத் தீரவில்லை.

கேள்வி: ரீச்சர், உலோக-சேதனச் சட்டகங்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. வாயுவைச் சேமிக்கலாம், பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கலாம் என்று எழுதுகிறார்கள். சூரிய ஒளியைச் சக்தியாக மாற்றவும் உதவும் என்று ஒரேயொரு வரி கண்டேன். ஓட்டை நிறைந்த பளிங்குக்கும் ஒளிக்கும் என்ன தொடர்பு?
— உயர்தர மாணவி, சாவகச்சேரி

பிள்ளை, அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர். விரிவாகவே சொல்கிறேன்.

பரிசு பெற்றவர்கள் மூன்று பேர்: ரிச்சர்ட் ரொப்சன், சுசுமு கித்தகாவா, ஓமர் யாகி. ரொப்சனின் கதை ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. 1974இல் மெல்பேர்ன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு மூலக்கூறு மாதிரிகள் செய்துகாட்ட மர உருண்டைகள் தேவைப்பட்டன. எந்த உருண்டையில் எந்தக் கோணத்தில் துளை போடவேண்டும் என்று அவர் குறித்துக் கொடுத்தார். துளைகள் சரியான இடத்தில் இருந்ததால் குச்சிகளைச் செருகச் செருக மாதிரி தானே சரியான வடிவத்துக்கு வந்தது. அப்படியானால் உருண்டைக்குப் பதில் உலோக அயனையும் குச்சிக்குப் பதில் சேதன மூலக்கூறையும் வைத்தால் என்ன என்று அவர் யோசித்தார். அந்த யோசனை செப்பு அயன்களைக் கொண்ட ஒரு சட்டகமாகி வெளிவந்தது 1989இல். பிறகு கித்தகாவா அப்படியான சட்டகங்களுக்குள் வாயு போய்வரும் என்று 1997இல் காட்டினார். 1999இல் யாகி வெளியிட்ட மொஃப்-5 என்ற சட்டகம் சூடேற்றியும் இடியாமல் நின்றது. துத்தநாகமும் தெரெப்தாலிக்கமிலமும்தான் அதன் சரக்கு. இரண்டாவது பொருள் நாம் தண்ணீர் குடிக்கும் பிளாஸ்ரிக் போத்தலுக்கும் மூலப்பொருள். அதில் சில கிராம் எடுத்தால் உள்ளே ஒரு உதைபந்தாட்ட மைதானத்தின் அளவுக்குப் பரப்பு இருக்கிறது.

சரி, ஒளிக்கு வருவோம். உங்கள் பக்கத்துத் தோட்டங்களில் துலா மிதித்து இறைத்ததை அம்மப்பாவிடம் கேட்டால் சொல்லுவார். ஒருவர் துலாவில் நடக்கப் பட்டை நிறையத் தண்ணீர் மேலே வரும். மேலே வந்ததும் கீழே நிற்பவர் அதைப் பிடித்து வாய்க்காலுக்குள் சரிக்கவேண்டும். பிடிக்க ஆளில்லாவிட்டால் பட்டை தண்ணீரோடு திரும்பக் கிணற்றுக்குள் போய்விடும். மிதித்த பாடு வீண்.

ஒளி ஒரு பொருளில் பட்டால் நடப்பதும் இதுதான். ஒளி ஒரு இலத்திரனை மேலே தூக்கிவிடும். அதை உடனே யாராவது பிடித்து வேறிடத்துக்கு அனுப்பாவிட்டால் இலத்திரன் விழுந்துவிடும்; வாங்கிய சக்தி வெறும் சூடாகவோ மங்கிய ஒளியாகவோ போய்விடும். பெரும்பாலான பொருள்களில் இதற்குக் கிடைக்கும் நேரம் செக்கனில் நூறு கோடியில் சில பங்கு, சிலவற்றில் அதைவிடக் குறைவு. ஒளியைப் பிடிப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை, பிள்ளை. கறுப்புச் சட்டைகூடப் பிடிக்கும். தூக்கிய இலத்திரனைத் திரும்ப விழவிடாமல் பிரித்து வைப்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

இலை இதை எப்படிச் செய்கிறது? நூற்றுக்கணக்கான குளோரபில்கள் ஒளியை வாங்கி ஒரு மையத்துக்குக் கைமாற்றுகின்றன. அந்த மையத்தில் இலத்திரன் பிரிந்து படிப்படியாக அப்பால் போகிறது. இழந்த இலத்திரனை நிரப்ப, நான்கு மங்கனீசும் ஒரு கல்சியமும் கொண்ட சிறு கூட்டம் தண்ணீரை உடைக்கிறது. நாம் மூச்சிழுக்கும் ஒட்சிசன் அதிலிருந்து வருவது. பிடிப்பவர், கடத்துபவர், வேலை செய்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு இடம். இடங்களுக்கிடையே உள்ள தூரமும் கணக்காக இருக்கும்.

உலோக-சேதனச் சட்டகத்தில் இந்த இடங்களை நாமே குறிக்கலாம். ஒளியைப் பிடிக்கும் சாயத்தைக் குச்சியாக வைக்கலாம், வேலை செய்யும் உலோகத்தை மூலையில் வைக்கலாம். வேண்டிய தண்ணீரோ காபனீரொட்சைட்டோ துளை வழியாக உள்ளே வந்து உலோகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். நல்ல உதாரணம் மில்-125 என்ற சட்டகம். டைட்டேனியமும் அதே போத்தல் அமிலமும் சேர்ந்தது, வெள்ளைத் தூள், கண்ணுக்குத் தெரியாத கழியூதா ஒளியை மட்டும் பிடிக்கும். குச்சியில் அமைன் என்ற நைதரசன் கூட்டம் ஒன்றைச் சேர்த்ததும் தூள் மஞ்சளாகிவிடுகிறது. மஞ்சள் என்றால் நீல ஒளியையும் விழுங்குகிறது என்றுதானே பொருள்! 2012இல் இந்த மஞ்சள் தூள் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் காபனீரொட்சைட்டைப் போமேற்று அயனாக மாற்றியது என்று காட்டினார்கள். எறும்பு கடித்தால் எரியும் அமிலத்தின் அயன் அது.

ஆனால் அந்தப் பரிசோதனையில் இழந்த இலத்திரனைக் கொடுத்தது தண்ணீரில்லை. ட்ரைஎதனோலமைன் என்ற வேறொரு இரசாயனத்தை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள், அது செலவாகிக்கொண்டே போகும். வாய்க்காலுக்குத் தண்ணீர் பாய்கிறது, கிணற்றுக்கு ஊற்று இன்னும் கிடைக்கவில்லை. மேலும், இவற்றில் பெரும்பாலானவை மின்னைக் கடத்தா; பல ஈரத்தில் குலைந்துபோகும். மொஃப்-5ஐ நம்முடைய மாரிகாலக் காற்றில் திறந்து வைத்தால் அதன் கட்டு உடைந்துவிடும். இந்தக் குறைகளைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் உமக்குச் செய்ய நிறைய வேலை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையிலேயே டைட்டேனியமீரொட்சைட்டுப் படலத்தில் சாயம் ஏற்றிச் சூரியக்கலம் செய்யும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. பரீட்சை முடிந்ததும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வாரும்.

கேள்வி: ‘ஓர்கானிக்’ என்பதைத் தமிழில் ‘கரிம’ என்பதா, ‘சேதன’ என்பதா?
— வாசகர், மானிப்பாய்

இங்கே பாடப்புத்தகத்தில் சேதனம், தமிழ்நாட்டில் கரிமம். பொருள் ஒன்று. பிள்ளைகள் பரீட்சைக்குச் சேதனம் என்றே எழுதட்டும்.

கேள்வி: டைட்டேனியம் என்றதும் எங்கள் பக்கத்துப் புல்மோட்டை மணல்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மணலுக்கும் ஒளியைச் சக்தியாக்கும் ஆய்வுகளுக்கும் சம்பந்தம் உண்டா?
— கடற்றொழிலாளர், கொக்கிளாய்

நிறைய உண்டு, ஐயா. பல வருடத்துக்கு முன் சுற்றுலாவாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தபோது ஒரு ஜாம் போத்தல் நிறையக் கறுப்பு மணல் எடுத்துவந்தேன். இன்றும் மேசையில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிற பிள்ளைகளிடம் ஒரு கையில் அதையும் மறுகையில் அதேயளவு சாதாரண மணலையும் கொடுப்பேன். கறுப்பு மணல் கையை இழுக்கும். அதில் கூடுதலாக இருப்பது இல்மனைற்று, அதாவது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும். கூடவே ரூட்டைலும் சிர்க்கோனும் இருக்கின்றன.

ரூட்டைல் என்பது டைட்டேனியமீரொட்சைட்டு. 1972இல் புஜிஷிமா, ஹொண்டா என்ற இரண்டு யப்பானியர்கள் அந்த ரூட்டைல் பளிங்கொன்றில் ஒளி விழச்செய்து தண்ணீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்தார்கள். ஒளியால் எரிபொருள் செய்யும் ஆய்வில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்ததுதான். அதன் குறை, கழியூதாவுக்கு மட்டுமே அசையும். நிலத்துக்கு வரும் சூரிய ஒளியில் கழியூதா இருபதில் ஒரு பங்கு அளவுதான். அந்தக் குறையைத் தீர்க்கப் போனவர்கள்தான் சாயத்தையும் பிறகு சட்டகத்தையும் தேடினார்கள். சிர்க்கோனிலிருந்து எடுக்கும் சிர்க்கோனியமும் முக்கியம். 2008இல் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் செய்த சிர்க்கோனியச் சட்டகம் தண்ணீருக்குள் போட்டாலும் குலையாமல் நின்றது. அதன் பிறகுதான் தண்ணீரோடு வேலை செய்யும் சட்டகங்களுக்குத் துணிவு வந்தது.

உங்கள் கடற்கரையில் இரண்டு உலோகமும் ஒரே மணலில் கிடக்கின்றன. அது மணலாகவே கப்பல் ஏறுவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. இங்கே சுத்திகரித்து, இங்கே உள்ள பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டும்.

கேள்வி: வீட்டுக்குச் சோலார் போடக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். புதுவகைப் பனல் வரப்போகிறது, பொறுங்கோ என்கிறான் மகன். பொறுக்கலாமா?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், பருத்தித்துறை

பொறுக்க வேண்டாம். இன்று கடையில் கிடைக்கும் சிலிக்கன் பனல் விழும் ஒளியில் இருபது வீதத்துக்கு மேல் மின்சாரமாக்குகிறது. மகன் சொல்வது பெரும்பாலும் பெரொவ்ஸ்கைற்று என்ற பளிங்குப் பொருளால் செய்யும் பனலாக இருக்கும். 2009இல் 3.8 வீதத்தில் தொடங்கி ஆய்வுகூடத்தில் 26ஐத் தாண்டிவிட்டது. பெரிய முன்னேற்றம். ஆனால் அதில் ஈயம் இருக்கிறது, ஈரமும் சூடும் அதற்குப் பகை. உங்கள் ஊரின் உப்புக்காற்றில் இருபத்தைந்து வருடம் நிற்கும் என்று காட்டிய பிறகு யோசிக்கலாம். ஒளியால் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுப்பது இன்னும் தூரத்தில் இருக்கிறது. யப்பானில் 100 சதுர மீற்றருக்கு ஊக்கித் தகடுகள் விரித்துச் செய்து 2021இல் வெளியிட்ட பரிசோதனையில் கிடைத்த உச்ச வினைத்திறன் 0.76 வீதம். ஆய்வுக்கு அது நல்ல செய்தி. கூரைக்குச் சிலிக்கன்.

போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். வல்வெட்டித்துறையில் தங்கச்சி வீட்டுக்குப் பூட்டியவர்கள் சட்டத்துக்குச் சாதாரண இரும்பு நட்டும் போல்ட்டும் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டாவது மாரி முடிய ஓட்டில் செம்மண் கரைத்து ஊற்றியதுபோலக் கறல் வழிந்திருந்தது. கழற்றப் போனால் நட்டுத் தலையே உடைந்து வந்தது. கறல் பிடிக்காத ஸ்ரெயின்லெஸ் போல்ட் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பூட்டும்போது நீங்களே ஏறிப் பார்க்க முடியாவிட்டால் மகனை ஏற்றுங்கள்.

கிணற்றுத் தண்ணீரால் பனலைக் கழுவ வேண்டாம். நம் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. காய்ந்ததும் கேத்தலுக்குள் படிவதுபோல வெள்ளைப் படலம் கண்ணாடியில் ஒட்டி ஒளியை மறைக்கும். மாரியில் ஒரு தாங்கி மழைத்தண்ணீர் பிடித்து வைத்து, விடியப்புறம் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது கழுவுங்கள்.

கேள்வி: ஒளியால் இயங்கும் உலோக-சேதனப் பொருள் ஒன்றை எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் செய்துகாட்ட முடியுமா, ரீச்சர்?
— விஞ்ஞான மன்றச் செயலாளர், தரம் 11, தெல்லிப்பழை

முடியும். 1842இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த நீலப்படம். பழைய கட்டட வரைபடங்கள் நீலத்தாளில் வெள்ளைக் கோடாக இருக்குமே, அதுதான்.

பெரிக்கு அமோனியம் சித்திரேற்று 25 கிராமை 100 மில்லிலீற்றர் நீரிலும், பொற்றாசியம் பெரிசயனைட்டு 10 கிராமை வேறு 100 மில்லிலீற்றர் நீரிலும் கரையும். மங்கிய வெளிச்சத்தில் இரண்டையும் சம அளவில் கலந்து தடித்த தாளில் தூரிகையால் பூசி, இருட்டில் காயவையும். தாள் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமாக இருக்கும். அதன்மேல் ஒரு முருங்கையிலைக் காம்பை விரித்து, கண்ணாடியால் அழுத்தி, மத்தியான வெயிலில் பத்துப் பதினைந்து நிமிடம் வையும். ஒளி சித்திரேற்றிலிருந்து ஒரு இலத்திரனை இரும்புக்குத் தள்ளிவிடும். அந்த இரும்பு பெரிசயனைட்டோடு சேர்ந்து இரும்பு, காபன், நைதரசன், மறுபடி இரும்பு என்று நாலாபக்கமும் கோத்துக்கொண்டு ஒரு சட்டகமாகும். நோபல் பரிசு பெற்ற சட்டகங்களுக்கு இது மூத்த உறவு. நீல நிறம் அதனுடையது.

பெரிசயனைட்டை அமிலத்தோடு சேர்க்கவும் சூடாக்கவும் கூடாது, நச்சுவாயு வரும். கையுறை போடும், ஆசிரியர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

பிறகு தாளைத் தண்ணீரில் அலசும். ஒளி படாத இடத்துப் பூச்சு கரைந்து போய், ஒவ்வொரு சிற்றிலையும் வெள்ளையாகத் தெரியும். முதலில் நீலம் வெளிறித்தான் இருக்கும். பிழைத்துவிட்டது என்று எறிந்துவிட வேண்டாம். கொடியில் கவ்வி ஒரு நாள் காற்றாட விடும். மறுநாள் காலையில் கருநீலமாக நிற்கும். நல்லதாக வந்த ஒரு தாளை எனக்கும் அனுப்பிவையும்.