பன்னிரண்டு கப்பல், ஒரே பேண்ட்வித்: யார் வழிவிடுவது?

கேள்வி: சிங்கப்பூரின் லோயாங்கிலிருந்து கடலுக்குப் போகும் எங்கள் பன்னிரண்டு சரக்கு உதவிக் கப்பல்களுக்கும் துணைக்கோள பேண்ட்வித்தைச் சமமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறோம். பாதி நேரம் சும்மா கிடக்கிறது, தேவைப்படும்போது பற்றவில்லை. ராணுவத்தில் ‘டாமா’ என்று, தேவைப்படும்போது மட்டும் இடம் ஒதுக்கும் முறை ஒன்று உண்டாமே, அது எங்களுக்கு உதவுமா? இல்லை, கூடுதலாக வாங்கிவிடலாமா?

பதில்: வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

அமெரிக்க ராணுவத்துக்கு இது பழைய தலைவலி. அவர்களுடைய பழைய யுஎச்எஃப் அலைவரிசைத் துணைக்கோளங்களில் ஒரு சேனலின் அகலம் பெரும்பாலும் 25 கிலோஹெர்ட்ஸ் அல்லது 5 கிலோஹெர்ட்ஸ்தான். முன்பெல்லாம் ஒரு குழுவுக்கு ஒரு சேனல் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்; பேசினாலும் பேசாவிட்டாலும் அது அவர்களுக்குத்தான். டாமா வந்த பிறகு, சேனலை நேரத்துண்டுகளாக வெட்டி, குரலை நொடிக்கு 2,400 பிட் அளவுக்குச் சுருக்கி, இடம் கேட்கும் குழுவுக்கு, அது கேட்கும்போது மட்டும் கொடுத்தார்கள். ஒரே 25 கிலோஹெர்ட்ஸில் பல குழுக்கள் பேச முடிந்தது.

ஆனால் நீங்கள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது முன்னுரிமைப் பட்டியலை. ஃப்ளாஷ் ஓவர்ரைடு, ஃப்ளாஷ், இமீடியட், பிரையாரிட்டி, ரொட்டீன் என்று ஐந்து படி. இடம் இல்லாதபோது உயர்ந்த படியில் ஓர் அழைப்பு வந்தால், கீழே உள்ளது துண்டிக்கப்படும். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. யார் வழிவிடுவது என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. உங்கள் ஹப்பிலும் (கப்பல்களுக்கு இடத்தைப் பங்கிடும் கரை நிலையம்) அநேகமாக இந்த வசதி இருக்கும். படிகளை நிரப்பித் தர அலுவலகத்தில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு கப்பலுக்கும் சிறிய உறுதிப் பங்கு ஒன்று வையுங்கள். மீதியைப் பொதுவில் போடுங்கள். கப்பல் தளத்துக் குரல் அழைப்பு முதலில், இயந்திரத் தகவல், அலுவலக மின்னஞ்சல், அப்புறம் ஊழியர்களின் வாட்ஸ்அப். கடைசி என்பதற்காக அதைப் பூஜ்யமாக்கிவிடாதீர்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாத ஆள் அடுத்த ஒப்பந்தத்துக்கு வரமாட்டார். ஆபத்து அழைப்புக்கான ஜிஎம்டிஎஸ்எஸ் கருவிகள் தனி, அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதற்கு ஒரு விலை உண்டு. துணைக்கோளம் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ‘இடம் வேண்டும்’ என்ற கோரிக்கை ஹப்பை அடைய கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. ஆக, முதல் பைட் கிளம்புவதற்கே அரை நொடி போய்விடும். மின்னஞ்சலுக்கு இது தெரியாது. குரலுக்குத் தெரியும். அதனால் அழைப்பு முடியும்வரை அதற்கான இடத்தைப் பிடித்து வைத்திருக்கும்படி அமையுங்கள்.

இன்னொன்று, மழை. நீங்கள் கேயு பேண்டில் (மழையில் எளிதில் மங்கும் உயர் அலைவரிசை) இருந்தால் நம்மூர் மாலை மழையில் மோடம் 16ஏபிஎஸ்கே என்ற வேகமான முறையிலிருந்து க்யூபிஎஸ்கே என்ற மெதுவான முறைக்கு இறங்கும். அதே பேண்ட்வித்தில் சுமார் பாதித் தகவல்தான் போகும். ஹப் ஆன்டெனா சிங்கப்பூரில் இருந்தால், இங்கே கொட்டும் மழை பன்னிரண்டு கப்பல்களையும் ஒன்றாக மந்தமாக்கும். பலர் இதைத்தான் ‘பேண்ட்வித் பற்றவில்லை’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஹப்பின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்: சிக்னல் தரமும் வேகமும் சேர்ந்து இறங்கினால் மழை. சிக்னல் நேர்கோடாக இருந்து காத்திருப்பு வரிசை மட்டும் நீண்டால் பங்கீட்டுக் கோளாறு.

கரையை ஒட்டி நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களைக் கைபேசிக் கட்டமைப்புக்கு மாற்றிவிடுங்கள். அவற்றின் பங்கு பொதுவுக்குத் திரும்பும். இவ்வளவும் செய்து ஒரு மாத வரைபடத்தைப் பார்த்த பிறகும், மழையில்லாத நேரத்தில் மேல் இரண்டு படிகளே காத்திருக்கின்றன என்றால், சரி, வாங்குங்கள்.