மரியோ பாட்டு ஏனுங்க வேகமா ஓடுது?

கேள்வி: 1995ல ஈரோட்டுல வாங்கின டிவி கேம்ல மரியோ நிதானமா ஓடுமுங்க. இப்ப பையன் நிண்டெண்டோ ஸ்விட்ச்ல அதே ஆட்டத்தைப் போட்டா பாட்டும் ஓட்டமும் பறக்குதுங்க. எது சரிங்க? பழைய மாதிரியே ஆட வழி இருக்குங்களா?
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஸ்விட்சில் ஓடுவதுதான் ஜப்பானில் செய்த வேகம், நொடிக்கு 60 படம். நம் ஊர்க் கடைகளில் விற்றது நிண்டெண்டோ பெட்டியின் நகல். நம் டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை என்பதால் அது 50 படம்தான் காட்டும். ஆட்டமும் பாட்டும் படக் கணக்கில் நகர்பவை; அங்கே 60 நொடியில் முடிகிற பாட்டு உங்கள் வீட்டில் 72 நொடி ஓடியிருக்கும். பரணில் பெட்டி இருந்தால் அடித்திருகுகளைக் கழற்றி, போர்டில் இருக்கும் வெள்ளி நிறக் கிரிஸ்டலை, அதாவது பெட்டியின் வேகத்தைத் தீர்மானிக்கும் துடிப்பைத் தருவதை, பாருங்கள். 26.601 என்றிருந்தால் பால்; 21.477 என்றால் 60 பட வகை.

கணினியில் மெசன் எமுலேட்டரைப் போடுங்கள்; பழைய கேம் பெட்டியைப்போல் கணினியை நடக்கவைக்கும் மென்பொருள் அது. என்.இ.எஸ். (நிண்டெண்டோவின் அந்தப் பழைய பெட்டி) அமைப்பில் ரீஜன் கேட்கும் இடத்தில் 'பால்' கொடுத்துவிட வேண்டாம், பலரும் தவறுவது இங்கேதான். அது ஐரோப்பியப் பெட்டி. கிரிஸ்டலின் 26.6 மெகாஹெர்ட்ஸை 16ஆல் வகுத்துப் பிராசசரை 1.66இல் ஓட்டும், சுருதி அரைச்சுரத்துக்கும் மேல் இறங்கிவிடும். நகல் பெட்டி 15ஆல் வகுத்து 1.77இல் ஓடும். 60 பட அசல் பெட்டி 1.79. அதனால் சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்க, தாளம் மட்டும் மெதுவாகும். 'டெண்டி'யைத் தேர்ந்தெடுங்கள். ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர் அது, டைமிங் நம்முடையதேதான்.

அப்புறமும் ஒலி வேறு மாதிரி கேட்டால், ஆடியோ பகுதியில் சதுர அலைகளின் டியூட்டியை (ஒரு சுற்றில் அலை மேலே நிற்கும் பங்கு) இடம்மாற்றும் தேர்வை டிக் செய்யுங்கள். பல நகல் சிப்களில் 25 சதவீதமும் 50 சதவீதமும் இடம்மாறிக் கிடந்தன. கனமாக ஒலிக்க வேண்டிய இடம் மூக்கால் பாடுவதுபோல் கேட்கும். மானிட்டரையும் 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 60இல் விட்டால் நொடிக்குப் பத்துப் படம் இரட்டித்து, மரியோ ஓடும்போது திரை வெட்டி வெட்டி இழுக்கும்.

நகல் பெட்டியை நிண்டெண்டோ எமுலேட் செய்து தரும் என்று காத்திருக்க வேண்டாம். நம் வீட்டுக் கூடத்தில் ஓடியதை அளந்து எழுதிவைத்தவர்கள் ஆர்வலர்கள்தான். சோனி 2018இல் விட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக்கே ஆர்வலர்கள் எழுதிய பி.சி.எஸ்.எக்ஸ். ரீஆர்ம்ட் எமுலேட்டரில்தான் ஓடுகிறது. அதிலும் 20 ஆட்டங்களில் 9 ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் பதிப்புகள்; அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கும் அதே மெதுவான ஓட்டம்தான் கிடைத்தது.

கேள்வி: 4 இன் 1 கேசட் கோப்புல முதல் ஆட்டம் மட்டும்தானுங்க வருது. மத்ததுக்கு என்ன பண்றது?
- வாசகர், பல்லடம்

பதில்: மெனு இல்லாத கேசட் என்றால் எமுலேட்டரில் ரீசெட் கொடுத்துப் பாருங்கள், சில கேசட்டுகளில் ஒவ்வொரு ரீசெட்டுக்கும் அடுத்த ஆட்டம் வரும். பவரை அணைத்துப் போட்டால் திரும்ப முதல் ஆட்டத்துக்கே போய்விடும். மெனு வந்து, ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் திரை குப்பையாகிறது என்றால் கோப்பின் தலைப்பில் (தொடக்கத்தில் இருக்கும் விவரப் பகுதி) உள்ள மேப்பர் எண்ணை, அதாவது கேசட்டின் உள்ளே எந்த வகை போர்டு என்று சொல்லும் எண்ணை, சந்தேகப்படுங்கள். பழைய ஐ.என்.இ.எஸ். தலைப்பில் 256 எண்களுக்குத்தான் இடம். என்.இ.எஸ். 2.0 தலைப்பில் 4,096 வரை உண்டு. அந்தத் தலைப்புக்கு மாற்றி, சரியான எண்ணைப் போடுங்கள்.