சென்சாரை மாற்றியும் ஏபிஎஸ் துடிக்கிறதே?

கேள்வி: என் 2012 மாடல் கார் சிக்னலில் நிற்கப்போகும் நேரத்தில், காய்ந்த சாலையிலேயே ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) வேலை செய்து, பிரேக் பெடல் தடதடவென்று அதிர்கிறது. ஸ்கேனரில் இடது முன் சக்கர வேக சென்சார் என்று வந்தது. மாற்றியும் அதே கதை. பழையது, புதியது இரண்டுமே மல்டிமீட்டரில் 1.1 கிலோ ஓம் காட்டுகின்றன. ஆஸிலாஸ்கோப்பில் (மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) பார்த்தால் என்ன தெரியும்?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும்.

உங்களுடையது காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட வகை. சுருள் அறுந்துபோகவில்லை என்பதை மட்டும்தான் ஓம் அளவு சொல்லும். எதிரே சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் பல் வளையத்தின் நிலைமையைச் சொல்லாது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்தாலும் எல்லாப் பல்லுக்கும் சேர்த்து ஒரே எண்தான் வரும். ஒரு பல்லின் குறை அதில் கரைந்துவிடும். ஸ்கோப்பிலோ ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் அலை.

காரை ஜாக்கியில் தூக்கி, மறக்காமல் ஸ்டாண்டு கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். சென்சார் கனெக்டரைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளிலும் ஸ்கோப்பை மாட்டுங்கள். திரையில் ஒரு கட்டத்துக்கு 200 மில்லிசெகண்ட். சக்கரத்தைக் கையால் நொடிக்கு ஒரு சுற்று வீதம் சுற்றினால், பத்துக் கட்டத்தில் இரண்டு முழுச் சுற்று தெரியும்.

இதே புகாரோடு எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு காரில் வளையத்துக்கு 48 பல். 47 அலை சீராக வந்தன, ஒன்று மட்டும் நீண்டு படுத்திருந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதேபோல. டிரைவ் ஷாஃப்ட்டில் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) இருந்த வளையத்துக்கு அடியில் துரு கிளம்பி, வளையம் வெடித்திருந்தது. வெடித்த இடத்தில் பல் இடைவெளி அகன்றதால் அந்த அலை தாமதமாக வந்தது. சக்கரம் லாக் ஆகப்போகிறது என்று ஏபிஎஸ் எடுத்துக்கொண்டு பிரேக் அழுத்தத்தை விட்டிருக்கிறது. கார் நிற்கும் தூரம் கூடிவிடும், ஆகவே இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அலையின் உயரம் சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்கினால் வளையம் கோணலாக இருக்கலாம், பேரிங்கில் ஆட்டம் இருக்கலாம். கணக்கில்லாமல் அங்கங்கே அறுந்தால் வயர், அசைத்துக்கொண்டே பாருங்கள். எல்லாமே குட்டையாக இருந்தால் சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எதுவானாலும் வலது சக்கரத்தோடு ஒப்பிடுங்கள், அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

புதிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றில் பெரும்பாலும் மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் சென்சார். ஓம் பார்க்கவே கூடாது. கனெக்டரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஊசி விட்டுப் பாருங்கள். 7, 14 மில்லிஆம்பியருக்கு இடையே மாறும் சதுர அலை வரும். வேகம் கூடினாலும் உயரம் மாறாது.

உங்கள் ஊர்க் கடற்காற்றில் துருவைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். டார்ச் அடித்து, சக்கரத்தை மெல்லச் சுற்றி வளையம் முழுவதையும் பாருங்கள். வெடிப்பு இருந்தால், ஷாஃப்ட்டையே மாற்றச் சம்மதிக்கும் முன் வளையம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.