பழைய இடத்தில் ஏச்சு வாங்கியவர்கள் புது இடத்தில் உதவி கேட்பது எப்படி? – கேள்வி பதில்

ஹட்டன், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பழகுபவர்: பழைய டீமேக்கர், அதாவது தூள் தயாரிப்புக்குப் பொறுப்பானவர், எதைக் கேட்டாலும் "இது கூடத் தெரியாதா" என்று எல்லார் முன்னாலும் ஏசுவார். இப்போதுள்ளவர் நல்ல மனுசன். ஆனாலும் வாய் வருதில்லை. தூள் காய வைக்கிற ட்ரையர் சூடு மாறினால் நானே எதையாவது திருகிக்கொண்டு நிற்கிறேன்.

பதில்: தம்பி, திருகுவதை விடுங்க. கண்டது, செய்தது, சிக்கினது, எப்போதைக்குப் பதில் வேணும் – இந்த நாலும் கேள்வியில் இருக்கட்டும். இப்படி: "ஐயா, உள்ளே போற காற்று 96 பாகையிலேயே நிக்குது. வெளியே வர்றது 53இல இருந்து 47க்கு இறங்கிட்டுது. தூள் பரப்புற கனத்தைக் குறைச்சேன், ஏறல்ல. இன்னும் குறைக்கவா, இல்லாட்டி கொழுந்து சரியா வாடல்லையா? இப்பவே சொல்லணும்."

"இப்பவே" ஏன் என்றால், வெளிக்காற்று 49க்குக் கீழேயே கிடந்தால் தூள் காயாமல் அவிஞ்சு போகும். திரும்பக் காய வைத்தாலும் சுவை வராது. திருத்த முடியாத பிழைக்கு உடனே கேளுங்க. ரெஜிஸ்டரில் கூட்டல் பிழை என்றால் 15 நிமிஷம் நீங்களே பார்த்துவிட்டுக் கேளுங்க.

கேட்டால் ஏச்சு விழும் என்று உடம்பு பழகிவிட்டது. கேட்டும் ஏச்சு விழாத தடவைகள் சேரச் சேரத்தான் அது விடும். அதனால் முதல் வாரம் நாளைக்கு ஒரு சின்னக் கேள்வி, அவர் கொழுந்து வாடினதைப் பார்க்க வரும் நேரத்தில். துண்டில் எழுதி வாசித்தே கேட்கலாம். பதிலைக் கொப்பியில் எழுதுங்க. இதை எல்லாருக்கும் சொல்றேன்: ஒரே கேள்வி மூன்றாம் தரம் வந்தால் நல்லவருக்கும் முகம் மாறும்.

நுவரெலியா, ஹோட்டல் வரவேற்பு: எதைக் கேட்டாலும் முதலில் "மன்னிக்கணும் சேர்" வந்துவிடுது.

பதில்: "சேர், ரெண்டு நிமிஷம் இருக்கா?" என்று தொடங்குங்க. போதும்.

பண்டாரவளை: பழைய முதலாளி ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டவே இல்லை.

பதில்: அதை விசாரிப்பது தொழில் திணைக்களத்தின் வேலை. உங்கள் 8 சதவீதமும் அவருடைய 12 சதவீதமும் அவர்தான் கட்டியிருக்கணும். சம்பளத் துண்டுகளோடு பக்கத்து தொழில் அலுவலகத்துக்குப் போங்க.

ராகலை: கேட்க வாய் வருதில்லை.

பதில்: ஹட்டன் தம்பிக்குச் சொன்னதுதான்.

தலவாக்கலை: மேலதிகாரிக்குச் சிங்களம்தான். எனக்கு அரைகுறை, பாதியில் விட்டுவிடுறேன்.

பதில்: வேலையிடத்துச் சாமான்களில் 20க்குச் சிங்களப் பெயரைப் பாடமாக்குங்க. சாமான், இடம், இலக்கம் மூன்றும் சரி என்றால் இலக்கணம் பிழைத்தாலும் விளங்கும்.

மஸ்கெலியா: ஏன் அண்ணே நாமளே வளையணும்? தமிழும் அரசகரும மொழிதானே?

பதில்: உண்மை. அரசாங்க அலுவலகத்துக்குத் தமிழில் எழுதி, பதிலையும் தமிழிலேயே கேளுங்க. ஆனால் கொழுந்து உருட்டுற ரோலர் ஓடும்போது கேட்கிறவருக்கு விளங்குவதுதான் முதல்.

கொட்டகலை: அப்படிச் சொல்லிச் சொல்லியே காலமெல்லாம் குனிஞ்சு நின்றோம்.

பதில்: தங்கச்சி, நியாயம்தான். மொழி வராததைக் காட்டி ஒருத்தரை வாயடைக்க வைப்பது பிழை. அதனால் சுமையை அவர்கள் பக்கமும் வையுங்க: ஒவ்வொரு ஷிப்டிலும் ரெண்டு மொழியும் தெரிந்த ஒருத்தரைப் போடச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்க. அந்த ஆள் வரும்வரை அந்த 20 சொல் உங்கள் கையைக் காப்பாற்றும்.

பதுளை: கேட்டால் புதியவரும் ஏசுவாரோ என்று பயம்.

பதில்: முதல் பதிலை வாசியுங்க. இன்றைக்கு இது மூன்றாவது.

கண்டி: புதியவர் உண்மையாகவே ஏசுறார்.

பதில்: ஓடும் மெஷினில் சந்தேகம் என்றால் ஏச்சைப் பார்க்காமல் நிறுத்திவிட்டுக் கேளுங்க. மற்றதுக்கு, திகதி, நேரம், நீங்கள் கேட்டது, அவர் சொன்னது நாலையும் அன்றன்றே எழுதி, ஒரு மாதத்துக் குறிப்போடு அவருக்கு மேலே இருப்பவரிடம் போங்க. நித்திரை கெட்டு, காலையில் வேலைக்கு இறங்கவே நெஞ்சு படபடக்குது என்றால் 1926க்கு அழையுங்க, அது தேசிய மனநல உதவி இலக்கம்.