எத்தனை இலை?

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

பள்ளத்தூரில் எங்கள் பூர்வீக வீட்டு வளவில் அப்பத்தாவை உட்காரவைத்து, அவர் பாடும் தாலாட்டைக் கையடக்க ரெக்கார்டரில் பதிவுசெய்தேன். பதிவான பாட்டை வெளியிடுமுன் கடைசியாக ஒலியைச் சீராக்கும் மாஸ்டரிங் வேலை எனக்குப் புதிது. அதற்கான ஓசோன் மென்பொருளில் இருந்த ப்ரீசெட்டுகளை, அதாவது முன்கூட்டியே நிறுத்திவைத்த அளவுகளை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பாப் பாடலுக்கான ஒன்றைப் போட்டதும் பாட்டு எழுந்து நின்றது. அன்றிரவே சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டேன். மறுநாள் ஹெட்போனில் கேட்டால், அப்பத்தா மூச்சு வாங்கும் இடங்களில் மின்விசிறி இரைகிறது. அடியில் ஓர் உறுமலும் கேட்கிறது. ‘வேலை தெரியாதவன்தான் ப்ரீசெட் போடுவான்’ என்கிறான் நண்பன். நான் ப்ரீசெட்டைத் தொடலாமா, கூடாதா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தாராளமாகத் தொடலாம். உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. வேலை தெரிந்த ஒருவர் ஏதோ ஒரு வகைப் பாட்டை மனத்தில் வைத்து நிறுத்திய அளவுகள்தான் ப்ரீசெட். அதைத் திறந்து படிப்பது நல்ல பாடம். ஆனால் அந்த மனிதர் உங்கள் அப்பத்தாவின் குரலைக் கேட்டதில்லை.

நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் சமையல்காரர் முதலில் கேட்பது ‘எத்தனை இலை?’ என்றுதான். அது தெரியாமல் அரிசியை அளக்கமாட்டார். ப்ரீசெட் அதைக் கேட்பதில்லை. உங்கள் பதிவு எவ்வளவு சத்தத்தில் உள்ளே வருகிறது என்பது அதற்குத் தெரியாது.

த்ரெஷோல்ட் என்ற எல்லையைத் தாண்டும் சத்தத்தைக் குறித்த விகிதத்தில் சுருக்குவது கம்ப்ரஸர். டிஜிட்டல் பதிவில் 0 டெசிபல்தான் உச்சவரம்பு, மற்ற அளவுகள் அதற்குக் கீழே மைனஸில் வரும். ஒரு ப்ரீசெட்டில் கம்ப்ரஸரின் த்ரெஷோல்ட் -20 டெசிபல், விகிதம் 4:1 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டின் உச்சம் -6 என்றால் எல்லையைத் தாண்டிய 14 டெசிபல் மூன்றரையாகச் சுருங்கும். பத்தரை டெசிபல் போய்விட்டது, பாட்டு நசுங்கிவிடும். உச்சம் -18 என்றால் குறைவது ஒன்றரை டெசிபல்தான். -24 என்றால் கம்ப்ரஸர் அசையவே அசையாது. ஆகவே ப்ரீசெட்டைப் போட்டவுடன் முதலில் த்ரெஷோல்டில் கைவையுங்கள். குறைப்பைக் காட்டும் மீட்டர் உச்ச இடங்களில் ஒன்று இரண்டு டெசிபல் அசைந்தால் போதும். அதற்குப் பிறகுதான் மற்ற அளவுகளைப் பற்றிப் பேச முடியும்.

மின்விசிறி இரைச்சலையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். குரலின் உச்சம் -12, விசிறி -50 என்று இருந்தால் இடைவெளி 38 டெசிபல். குறித்த அளவுக்கு மேல் சத்தத்தை விடாத லிமிட்டருக்கு முன்னால் 20 டெசிபல் ஏற்றினால் விசிறி -30க்கு வந்துவிடும். குரல் +8க்குப் போக வேண்டியது. லிமிட்டர் அதை -1இல் தடுத்து நிறுத்துகிறது. இப்போது இடைவெளி 29தான். அப்பத்தா நிறுத்தி மூச்சு வாங்கும்போது விசிறி முன்னால் வந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

உறுமலுக்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் முனகல் 50இலும் 100இலும் விழும். பாப் ப்ரீசெட்டுகள் பல, டிரம்முக்கும் பாஸ் கிதாருக்கும் வலு சேர்க்க அந்தப் பகுதியைத்தான் தூக்கிவிடுகின்றன. ஒரு மூதாட்டியின் குரலுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலையே இல்லை. கீழ் ஒலி, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் அந்தக் கீழ்ப்பகுதியை வெட்டிவிடுங்கள். குரலை அகலப்படுத்தும் பகுதியையும் மினுக்கும் பகுதியையும் அணைத்துவிடுங்கள். தனிக்குரல் தாலாட்டுக்கு அவை எதற்கு?

அன்றிரவு பாட்டு உங்களுக்குப் பிடித்ததற்குக் காரணம் சத்தம். சத்தம் கூடினால் காதுக்குக் கீழ் ஒலிகளும் மேல் ஒலிகளும் நிறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933இலேயே அளந்து காட்டியது இது. எனவே ப்ரீசெட் போட்டதையும் போடாததையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள். பாதி ப்ரீசெட்டுகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

இதைப் பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்யத் தவறினேன். ஒரு திருமணத்தில் பதிவான நாதஸ்வரக் கச்சேரிக்கு நடன இசை ப்ரீசெட் ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். தவிலின் அடியை லிமிட்டர் தின்றுவிட்டது. ‘தவில் அடுத்த தெருவிலிருந்து கேட்கிறதே’ என்றார் பெண்ணின் தகப்பனார். மூலக் கோப்பை நான் வைத்திருக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

சத்தத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படவும் தேவையில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாடல்களையும் -14 எல்.யூ.எஃப்.எஸ். (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமன்படுத்தியே ஒலிக்கவிடுகிறது. யூடியூபும் அதிகச் சத்தத்தைக் குறைத்துவிடும். நீங்கள் நசுக்கிச் சேர்த்த சத்தம் அங்கே போனதும் கரைந்துவிடும், நசுங்கல் மட்டும் மிஞ்சும்.

எந்த ப்ரீசெட்டாலும் சரிசெய்ய முடியாதது உங்கள் வீடு. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, உயர்ந்த கூரை: எல்லாமே குரலைத் திருப்பி அடிப்பவை. அந்த எதிரொலியைக் கம்ப்ரஸர் இன்னும் தூக்கிக் காட்டும். முடிந்தால் மறுபடி பதிவுசெய்யுங்கள். வளவை ஒட்டிய சின்ன அறை ஒன்றில் ஜமக்காளம் விரித்து, மூட்டை கட்டி வைத்திருக்கும் மெத்தைகளைச் சுவரில் சாத்திவிடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ரெக்கார்டரை மின்சாரத்தில் செருகாமல் பேட்டரியில் ஓட்டுங்கள். மைக் அப்பத்தாவின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். வெயில் ஏறுமுன் தொடங்கினால் விசிறி இல்லாமல் அவர் சிரமப்படமாட்டார்.

பழைய பதிவை அழித்துவிட வேண்டாம். ப்ரீசெட் படாத அந்த மூலக் கோப்பை இரண்டு இடங்களில் நகல் எடுத்து வையுங்கள். புதிய பதிவு முடிந்ததும் இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். அப்பத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.